உடலைத் தூய்மை செய்தல்: எது நஞ்சு, எது மருந்து?

(கந்த சஷ்டி விழாவின் மூன்றாம் நாள் மாலை, ஆலய மண்டபத்தில் ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாளாகிய இன்று, விரதமும் உடல் தூய்மையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் எங்களை 'டிரசர்' என்று அழைப்பார்கள். ஆகவே, புண்ணியத்தைப் பற்றிப் பேசும் தகுதியைப் பெரியோர்களிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த உடலைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன்.

கொடியேற்றத்தன்று இம்மண்டபத்தின் வாசலில் ஓர் அம்மையார் என்னை நிறுத்தினார். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "தம்பி, விரதத்தோடு இதையும் கரைத்துக் குடித்தால் உடம்பில் இருக்கிற நச்சு எல்லாம் கழிந்துவிடுமாம். ஆறு நாளைக்கு இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?" என்று கேட்டார். இதே கேள்வியை என்னிடம் வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன்பு கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

தோட்டத்தில் கண்ட நஞ்சு

நச்சு என்ற ஒன்றே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் நஞ்சு இருந்தது. ஆனால் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'மருந்து'. என் தாயார் மருந்து அடிக்கும் வேலைக்குச் சென்றவர். விடியற்காலையில் பம்பை முதுகில் சுமந்து, லாலாங் புல்லின்மீது பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பார். கையுறை கிடையாது, முகத்திற்கு ஒரு பழைய துண்டுதான். அவருடைய கைவிரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்ததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். பாலும் இளநீரும் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று லயத்திலுள்ளோர் நம்பினார்கள். அம்மாவும் குடித்தார். நகங்கள் திரும்ப வளர்ந்தன என்றால், அந்த வேலையிலிருந்து அவர் மாற்றப்பட்ட பிறகுதான்.

அருந்திவிட்டால் மாற்று மருந்தே இல்லாத அந்த நஞ்சினை மலேசியா 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தது. தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தோர் பல்லாண்டுகள் போராடிய பிறகே அது நடந்தது. நம் மக்களை அந்த நஞ்சிலிருந்து காத்தது எந்தக் கழிவு நீக்கும் பானமும் அன்று. நஞ்சு உள்ளே செல்லாமல் தடுத்ததே காத்தது.

இன்னொன்றும் நினைவிருக்கும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையென்றால் நம் வீடுகளில் விளக்கெண்ணெய் வைபவம். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள். பகல் முழுவதும் கொல்லைப்புறத்திற்கும் வீட்டிற்குமாக ஓடுவோம். அன்று அதற்கொரு காரணம் இருந்தது. செருப்பில்லாத கால்கள், ஒழுங்கான கழிப்பிடம் இல்லாத லயங்கள், பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி. கையில் வேறு வழியில்லாத தாய்மார்கள் தெரிந்த வழியைச் செய்தார்கள். பின்னாளில் பூச்சி மாத்திரையும், குழாய்நீரும், கழிப்பறையும், செருப்பும் வந்து அந்தத் தொல்லையைக் குறைத்தன. ஆனால், வயிற்றைக் கழியவிட்டால் உடம்பெல்லாம் தூய்மையாகும் என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. அந்த எண்ணத்தைத்தான் இன்று பொட்டலத்தில் அடைத்து 150 வெள்ளிக்கும் 300 வெள்ளிக்கும் விற்கிறார்கள்.

உடம்பின் துப்புரவுப் பணி

இறைவன் படைத்த இவ்வுடம்பில் துப்புரவுப் பணி ஒரு நாளும் நிற்பதில்லை. நம் வலப்பக்க விலா எலும்பிற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் இருக்கிறது. உணவிலுள்ள புரதம் செரித்தபின் உண்டாகும் அம்மோனியா மூளையைக் கெடுக்கக்கூடியது. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றையும், குடிப்பவர்களின் மதுவையும், உடம்பு வெளியேற்றத்தக்க பொருளாக மாற்றுவதும் அதுவே.

அங்கிருந்து வேலையை ஏற்றுக்கொள்பவை சிறுநீரகங்கள். கைப்பிடி அளவேயுள்ள ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதைத் திரும்ப உடம்பிற்கே தந்துவிட்டு, வேண்டாததை ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகின்றன. கரியமில வாயுவை நுரையீரல் மூச்சுக்கு மூச்சு வெளியேற்றுகிறது. குடலின் உட்புறத் தோல் சில நாள்களுக்கு ஒருமுறை தானே புதிதாகிறது. ஆண்டுக்கணக்கில் குடற்சுவரில் ஒட்டிக்கிடப்பதாகச் சொல்லப்படும் அழுக்கை, குழாய்விட்டுக் குடலைப் பார்க்கும் மருத்துவர்கள் காண்பதில்லை.

குடலில் தேங்கும் கழிவு உடம்பெங்கும் நஞ்சாகப் பரவுகிறது என்ற கொள்கை நூறாண்டுகளுக்கு முன் மேலைநாட்டு மருத்துவர்களிடமும் இருந்தது. இலண்டன் மாநகரில் ஆர்பத்நாட் லேன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919ஆம் ஆண்டில் வால்டர் ஆல்வரெஸ் என்னும் மருத்துவர், மலச்சிக்கலில் தோன்றும் தலைவலியும் சோர்வும் நஞ்சினால் வருபவையல்ல, குடல் நிறைந்து விரிவதால் வருபவை என்று விளக்கி எழுதினார். மலம் கழிந்தவுடனே தலைவலி விடுகிறதே, இரத்தத்தில் கலந்த நஞ்சு அத்தனை விரைவில் எப்படி மறையும் என்பது அவர் காட்டிய நியாயம். மருத்துவ உலகம் அக்கொள்கையைக் கைவிட்டது. சந்தை இன்னும் கைவிடவில்லை.

இரவுச் சந்தையில் சிலர் கால்களை ஒரு தொட்டியில் வைக்கச் சொல்லி, மின்சாரம் விட்டு, நீர் பழுப்பு நிறமாவதைக் காட்டி, "பாருங்கள், உங்கள் நச்சு" என்பார்கள். உப்பு கலந்த நீரில் இரும்புத் தகடுகளுக்கு மின்சாரம் பாய்ந்தால் துருப்பிடிக்கும். அத்துருவின் நிறமே அது. கால் வைக்காமலேயே இயக்கிக் காட்டும்படி கேளுங்கள். அப்போதும் நீர் பழுப்பாகும்.

உண்மையான நஞ்சிற்கு ஒரு பெயர் உண்டு, அளவு உண்டு, இரத்தத்தில் கண்டறியும் சோதனை உண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்த நஞ்சின் பெயர் மெத்தனால். உடம்பிற்குள் அது மாறும் அமிலம் கண்பார்வையைப் பறிக்கும். அதற்குச் சிகிச்சை, மருத்துவமனையில் கொடுக்கப்படும் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் ஆகும். பொட்டலம் விற்பவரிடம், "எந்த நச்சு, ஐயா? அதன் பெயர் என்ன? குடிக்கும் முன்பும் பின்பும் எந்தச் சோதனையில் பார்க்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

என் அக்காளின் கதை

இனி, நான் சொல்வதாகச் சொன்னதைச் சொல்கிறேன்.

என் மூத்த அக்காளுக்குப் பதினொரு ஆண்டுகளாக இனிப்புநீர் இருந்தது. ஒழுங்காக மாத்திரை உட்கொண்டு வந்தார். அவருடன் பஜனைக்கு வரும் நல்ல மனிதர் ஒருவர், தாமும் பயனடைந்ததாகச் சொல்லி, இருபத்தொரு நாள் உடல் சுத்தி செய்யும் மூலிகைத் தூளை அவருக்கு விற்றார். ஆஸ்பத்திரி மாத்திரையும் நச்சுதான், அதையும் நிறுத்தினால்தான் உடம்பு சுத்தமாகும் என்றார். அக்காள் உடனே நம்பிவிடவில்லை. எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டார். அன்று எனக்கு இரவுப் பணி. வார்டில் கூட்டம். "மூலிகைதானே அக்கா, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். மாத்திரையை நிறுத்தப் போகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடித்த நாளிலிருந்து பேதியாயிற்று. "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார்கள். தலை சுற்றியது. "நச்சு இளகுகிறது" என்றார்கள். இருபத்தொரு நாள் மூன்று மாதமாயிற்று. கால்கள் வீங்கி, மூச்சு வாங்க, மருமகன் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் நான் பார்த்தேன். இரத்தச் சோதனைத் தாளைக் கையில் வாங்கியபோது, அந்த எண்களின் பொருள் அக்குடும்பத்தில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அந்தத் தூள் ஒன்றே அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். பதினொரு ஆண்டு இனிப்புநீர் முன்னரே பாதி வேலையைச் செய்திருந்தது. சிறுநீரகம் பெருமளவு பழுதுபடும்வரை வலியோ அறிகுறியோ தராது. எஞ்சியிருந்த பாதியைக் காத்துவந்தது அவர் நிறுத்திய மாத்திரைதான். பேதியால் நீர் வற்றியதும், சர்க்கரை கட்டுமீறியதும் மிச்சத்தையும் கொண்டுபோயின. அதன்பின் ஆறு ஆண்டுகள், வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரம் அவருடைய இரத்தத்தைச் சுத்தம் செய்தது. உடம்பைச் சுத்தம் செய்ய ஆசைப்பட்ட என் அக்காளுக்கு அந்த இயந்திரம்தான் கிடைத்தது. அவர் ஒருமுறைகூட என்னைக் குறைசொன்னதில்லை. தைப்பூசத்தன்று நாற்காலியில் அமர்ந்தபடி பால்குடங்கள் செல்வதைப் பார்த்துக் கைகூப்புவார்.

வாசலில் அந்த அம்மையார் கேட்டபோது என் நெஞ்சு படபடத்ததற்குக் காரணம் இதுவே.

மூலிகை என்ற பெயர்

மூலிகையை நான் இகழவில்லை. நம் சித்தர்கள் தந்த மருத்துவம் நாடி பார்த்து, ஆளுக்கும் நோய்க்கும் ஏற்றவாறு அளந்து கொடுப்பது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் தன்னுள் அடக்குகிறது. ஆனால், செடியில் விளைந்தது தீங்கு செய்யாது என்பது தவறு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளாயினர். அரிஸ்டோலோக்கியா என்னும் செடியினம் அதில் கலந்திருந்தது. அதே இனத்தைச் சேர்ந்தவைதாம் நம்மவர் அறிந்த ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். அவற்றிலுள்ள அமிலத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. பாட்டி சொன்ன பச்சிலையாயினும் சிறுநீரகத்திற்கு அது தெரியாது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு நல்ல உணவே கெடுதலாகலாம். இளநீரிலுள்ள பொட்டாசியம் அவர்களின் இதயத் துடிப்பைக் குலைக்கும். பிலிம்பிங் என்று நாம் வாங்கும் நட்சத்திரப் பழத்தின் சாறு அவர்களுக்கு ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றைத் தந்து உயிரையும் பறிக்கக்கூடும்.

ஒன்றை வாங்குமுன் பெட்டியின்மேல் மால் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால், அது பதிவு பெற்ற பொருள் என்பது மட்டுமே பொருள். நோயைத் தீர்க்கும் என்பதற்கு அது சான்றன்று. இனிப்புநீர், சிறுநீரக நோய், இருதய நோய் ஆகியவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு விளம்பரம் செய்பவர் சட்டத்தையே மதிக்காதவர் என்றால், உங்கள் உடம்பை மதிப்பாரா?

விரதம் எதற்கு?

அப்படியானால் விரதம் வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் விரதம் இருப்பவன்தான். நாவை அடக்குவதும், சினத்தை அடக்குவதும், ஆறு நாள் முருகன் நாமத்தில் நிற்பதும் உள்ளத்தைக் கழுவும் வேலை. அதைச் செய்ய எந்தப் பொட்டலத்தாலும் முடியாது. உடம்பைக் கழுவும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் உரியது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் ஏற்ற வேண்டாம். திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதையே அதன் குறள்கள் பலவும் பேசுகின்றன.

இனிப்புநீர் உள்ளவர்கள் விரதத்திற்கு முன் மருத்துவரைக் காணுங்கள். நம் இசுலாமிய நண்பர்கள் ரமலான் வருமுன் சுகாதார நிலையத்திற்குச் சென்று மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்டு வருகிறார்கள். நாம்தான், "சாமி காரியம், டாக்டரிடம் சொல்வானேன்" என்று மறைக்கிறோம். கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையையும் இன்சுலினையும் பட்டினியில் வழக்கமான அளவிலேயே எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவிற்கு இறங்கலாம். எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் ஆகியவற்றை உண்பவர்கள் நீண்ட பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். நாமாக நிறுத்துவதும் தவறு. கேளாமல் தொடர்வதும் தவறு. சோதனைக் கருவியில் சர்க்கரை 4க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு உண்டு விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள். பாலனாக நின்ற முருகன் தன் அடியார் மயங்கி விழுவதை விரும்பமாட்டான்.

2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதிற்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்பிற்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீரே காரணம். அன்பர்களே, இம்மண்டபத்தில் ஒரு வரிசையில் பத்துப்பேர் அமர்ந்தால் மூவரை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, உடம்பைத் தூய்மையாக வைத்திருக்க நான் சொல்லக்கூடியவை எளியவை. ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பாருங்கள். மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். உப்பையும் இனிப்பையும் குறையுங்கள். மதுவையும் சிகரெட்டையும் விடுங்கள். வெளியே தள்ளுவதற்கு வழி தேடுவதைவிட, உள்ளே விடாமல் இருப்பது மலிவு. தாகத்திற்குத் தண்ணீர் போதும்.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். நம் தண்ணீர்ப் பந்தலில் வழங்கும் ரோஸ் சிராப்பில் பாதியையாவது வெறும் தண்ணீராகவும் மோராகவும் மாற்றலாம். திருவிழா நாள்களில் அன்னதான மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அந்த மேசைக்குப் பின்னால் அமர நான் தயார். ஓய்வுபெற்ற தாதியர் சிலரையும் அழைத்து வருவேன். அதையும் ஓர் உபயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாசலில் கேட்ட அந்த அம்மையாரை அன்று நான் ஒரு வரியில் அனுப்பிவிடவில்லை. படிக்கட்டில் அமரவைத்து, என்ன மாத்திரை, எவ்வளவு காலமாக என்று கேட்டு, மறுநாள் அவர் மகனுடன் சுகாதார நிலையத்திற்கு அனுப்பினேன். மருத்துவர் மாத்திரையின் நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருவேளைப் பழம், பாலுடன் அவர் இன்று மூன்றாம் நாள் விரதத்தில் இங்கே அமர்ந்திருக்கிறார். பொட்டலம் என் வீட்டு மேசையில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஓர் அக்காளோ, தாயாரோ, தம்பியோ இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக்கூடும். கேட்கும்போது வேலை இருந்தாலும் நின்று பதில் சொல்லுங்கள். எல்லாம் வல்ல முருகப்பெருமான் உங்கள் அனைவருக்கும் நோயற்ற வாழ்வை அருள வேண்டுகிறேன்.